லாரி போனால் பாலம் ஆடுகிறது. அதிர்வை அளந்து உள்ளே இருக்கும் சேதத்தைக் கண்டுபிடிக்க முடியுமா?

கேள்வி இரண்டு பகுதியாக இருக்கிறது. லாரி போகும்போது ஊர்ப் பாலம் ஆடுகிறதே, அது ஆபத்தா? அதிர்வை வைத்தே உள்ளே விரிசல் இருப்பதைச் சொல்ல முடியுமா? பாலங்களில் அதிர்வு அளக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

பாலம் ஆடுவது மட்டும் ஆபத்தின் அறிகுறி இல்லை. எல்லாப் பாலமும் ஆடும். எவ்வளவு ஆடுகிறது என்பது லாரியின் எடை, வேகம், சாலையில் இருக்கும் மேடு பள்ளம் என்று பலவற்றைப் பொறுத்தது. நாங்கள் கவனிப்பது வினாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதைத்தான். லாரி பாலத்தை விட்டு இறங்கிய பிறகும் பாலம் சில வினாடிகள் தானாக அதிரும். அந்த அதிர்வெண்ணுக்கும் லாரிக்கும் சம்பந்தமில்லை. பாலம் எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது என்ற இரண்டும்தான் அதை முடிவு செய்கின்றன. விரிசல் விழுந்தால் விறைப்பு குறையும், அதிர்வெண் இறங்கும். ரயில் பெட்டிகளின் சக்கரத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்து விரிசலைக் கண்டுபிடித்ததும் இதே அடிப்படையில்தான்.

சிக்கல் என்னவென்றால், இறங்குவது ரொம்பக் கொஞ்சம். மொத்த விறைப்பும் 10 சதவீதம் குறைந்தால்கூட அதிர்வெண் ஏறத்தாழ 5 சதவீதம்தான் குறையும். விரிசல் ஓரிடத்தில் மட்டும் இருந்தால் அதைவிடக் குறைவு.

1993-இல் அமெரிக்காவின் ஆல்புகெர்க்கி நகரில், ரியோ கிராண்டே ஆற்றின் மேல் இடிக்கப்படவிருந்த ஐ-40 நெடுஞ்சாலைப் பாலத்தில் லாஸ் அலமோஸ் ஆய்வகத்தினர் இதைச் சோதித்தார்கள். அதன் எஃகு கிர்டர் (பாலத்தின் தளத்தை அடியில் தாங்கும் நீளமான உத்தரம்) சுமார் 3 மீட்டர் உயரம். மேல்தகடு, அடித்தகடு, இரண்டையும் இணைத்து நிற்கும் நடுத்தகடு என்று அதற்கு மூன்று பாகம். அதை எஃகு வெட்டும் தீச்சுவாலை டார்ச்சால் நான்கு கட்டமாக வெட்டினார்கள். பாலத்துக்குப் பல அதிர்வெண்கள் உண்டு, அவற்றில் மிகக் குறைந்ததை முதல் அதிர்வெண் என்போம். வெட்டுவதற்கு முன் அது சுமார் 2.48 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 2.48 முறை. நடுத்தகட்டில் முதல் வெட்டு விழுந்தது, குறையாமல் 2.52 ஆனது. வெட்டை அடித்தகடு வரை இறக்கினார்கள், அப்போதும் 2.52. அடித்தகட்டில் பாதியை வெட்டியபோது 2.46. அடித்தகட்டை முழுசாக வெட்டிய பிறகுதான் 2.30-க்கு இறங்கியது. எஃகு கிர்டரில் வளைவைத் தாங்குவதே பெரும்பாலும் மேல்தகடும் அடித்தகடும்தான் என்பதால் இது நடந்தது. அதிர்வெண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, கிர்டர் பாதி வெட்டுப்பட்ட பிறகும் எந்த எச்சரிக்கையும் வந்திருக்காது.

அப்புறம் வானிலை. ஸ்விட்சர்லாந்தில் பெர்ன் - சூரிக் ஏ1 நெடுஞ்சாலையைக் கடந்த இசட்24 என்ற கான்கிரீட் பாலத்தை, 1998-இல் இடிப்பதற்கு முன் பல மாதங்கள் விடாமல் அளந்தார்கள். பாலத்துக்கு எந்தச் சேதமும் செய்யாத அந்தக் காலத்திலேயே முதல் நான்கு அதிர்வெண்களும் 14 முதல் 18 சதவீதம் வரை மாறின. வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே போனபோது மேலே இருந்த தார் உறைந்து இறுகி, பாலத்தோடு சேர்ந்து சுமையைத் தாங்க ஆரம்பித்துவிட்டது! அதன் பிறகு ஒரு தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக 95 மில்லிமீட்டர் வரை இறக்கினார்கள், கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள், உள்ளே இழுத்துக் கட்டியிருந்த கேபிள்களைக்கூட அறுத்தார்கள். அவற்றால் வந்த மாற்றம் குளிர் செய்த மாற்றத்தைவிடச் சிறியது. அந்தப் பதிவுகள் பொதுவில் கிடைக்கின்றன. வெப்பநிலையின் பங்கைக் கழித்துவிட்டு மீதியைப் பார்க்கும் முறைகளை உலகம் முழுக்க இன்றும் அதில்தான் சோதித்துப் பார்க்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இந்தத் துறைக்குக் கிடைத்த மிகப் பெரிய கொடை அதுதான்.

சரி, அப்படியென்றால் இந்த முறையே வீணா? இல்லவே இல்லை. ஒரே ஒரு அதிர்வெண்ணை நம்பியிருந்தால்தான் வீண். பாலம் ஒரே சமயத்தில் பல வடிவங்களில் அதிர்கிறது. இரண்டு முனையிலும் தாங்கியிருக்கும் சாதாரண உத்தரத்தின் நடுவில் விரிசல் விழுந்தால் முதல் அதிர்வெண் குறையும், இரண்டாவது அசையாது. இரண்டாவது வடிவத்தில் நடு இடம் வளைவதே இல்லை என்பதுதான் காரணம். இப்படி எது எவ்வளவு இறங்குகிறது என்று ஒப்பிட்டால், சேதம் எந்தப் பக்கம் என்பதற்குத் துப்பு கிடைக்கும். நீளவாக்கில் பல சென்சார்கள் வைத்து அதிர்வு வடிவத்தையே வரைந்து பார்த்தால் இடம் இன்னும் தெளிவாகும்.

சில சேதங்களுக்கு இதைவிட நல்ல வழி குறைவு. வெள்ளத்தில் தூணின் அடிமண் அரித்துப்போனால் தூணின் பிடிமானமே தளர்ந்துவிடும், அதனால் அதிர்வெண் நன்றாகவே இறங்கும். தண்ணீருக்குள் இறங்கிப் பார்க்க முடியாத இடத்தில் இது பெரிய உதவி. ஜப்பான் ரயில்வேயில் கயிற்றில் தொங்கும் சுமார் 30 கிலோ எடையால் தூணின் மேல்பகுதியை இடித்து, அதிர்வை அளந்து, அஸ்திவாரத்தின் நிலையை மதிப்பிடுகிறார்கள். கேபிள் பாலங்களிலும் அதிர்வெண் தெரிந்தால் கேபிளின் இழுவிசையைக் கணக்கிட்டுவிடலாம். மாறாக, பிரீஸ்ட்ரெஸ் செய்த (உள்ளே கம்பிகளை இழுத்துக் கட்டி இறுக்கிய) கான்கிரீட் பாலத்தில் உள்ளே சில கம்பிகள் துருப்பிடித்து அறுந்தால் அதிர்வெண் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். மிச்சமுள்ள இழுவிசை கான்கிரீட்டை இறுக்கி வைத்திருப்பதால் விரிசல் திறப்பதே இல்லை. அங்கே அதிர்வை மட்டும் நம்புவது ஆபத்து.

அதிர்வெண் ஏறினாலும் சந்தேகப்பட வேண்டும். பேரிங் (தூணுக்கும் கிர்டருக்கும் நடுவில் அசைய இடம் தரும் தாங்கி) துருவேறி இறுகிவிட்டாலோ, வெயிலில் பாலம் நீள்வதற்காக விட்டிருக்கும் விரிவு இடைவெளியில் மண்ணும் கல்லும் அடைத்துக்கொண்டாலோ பாலம் விறைப்பாகி எண் ஏறும். வரைபடத்தில் பார்க்க ஆரோக்கியம் மாதிரித் தெரியும், ஆனால் உண்மையில் அது பழுது.

அளக்கிற விதமும் முக்கியம். வசதியாக இருக்கிறதே என்று கைப்பிடிச் சுவரின் கம்பியில் சென்சாரை மாட்டினால், அந்தக் கம்பியின் அதிர்வும் சேர்ந்து பதிவாகும். கிர்டருக்கு நேர் மேலே தூசியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, சின்ன இரும்புத் தகட்டை எபாக்ஸியால் ஒட்டி, அதன்மேல்தான் வைக்க வேண்டும். அடுத்த முறையும் அதே தகடு, அதே இடம். பக்கத்திலேயே ஒரு வெப்பநிலை சென்சார் கட்டாயம்.

இதில் எனக்கு இருக்கும் ஆதங்கம் ஒன்றுதான். பழைய பாலத்துக்கு வயதான பிறகு அளக்கக் கூப்பிடுகிறார்கள். ஒப்பிட்டுப் பார்க்க நல்ல நிலையில் எடுத்த பதிவு எதுவும் இருக்காது. புதுப் பாலம் திறக்கும்போதே, ஒரு வெயில் காலமும் ஒரு மழைக் காலமும் சேர்ந்த பதிவை எடுத்து வைத்துவிட வேண்டும். பாலம் கட்டும் செலவில் இது கணக்கிலேயே வராது.

உங்கள் ஊர்ப் பாலத்துக்கு வருகிறேன். ஃபோனில் இருக்கும் சென்சாரே இதற்கு ஓரளவு உதவும். 2022-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்த கார்களில் இருந்த ஃபோன்களின் பதிவைச் சேர்த்து அந்தப் பாலத்தின் அதிர்வெண்களை எடுத்துக் காட்டினார்கள். நீங்களும் கிர்டருக்கு மேலே ஃபோனைத் தரையில் வைத்து, கனமான லாரி இறங்கிய பிறகு வரும் அதிர்வைப் பதிவு செய்து, தேதியும் வெப்பநிலையும் குறித்து வையுங்கள். ஆனால் அதை வைத்து பாலம் நல்ல நிலையில் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அடியில் புதிய விரிசல், துருக்கறை வழியும் கோடு, பாலத்தின் மூட்டில் ஒரு பக்கம் இறங்கிப் படிபோல் புதிதாக வந்த உயர வித்தியாசம், தூணின் அடியில் மண் அரிப்பு, இவற்றில் எதைப் பார்த்தாலும் படம் எடுத்து நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்தில் எழுத்து மூலம் கொடுங்கள். பெருவெள்ளம் வடிந்த கையோடு ஒருமுறை தூணடியைப் பார்த்துவிடுங்கள்.