மசோதாவில் இல்லாத வரி

அன்புள்ள அக்கா,

அட்லாண்டாவில் வசிக்கிறேன். சென்ற ஆண்டுதான் அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. மருத்துவக் காப்பீட்டுக்கான ஒபாமாகேர் சட்டம் 2010இல் எப்படி நிறைவேறியது என்று படித்தேன். நெப்ராஸ்கா செனட்டர் பென் நெல்சனின் ஓட்டுக்காக அவர் மாநிலத்துக்கு மட்டும் தனிச் சலுகை. லூசியானாவின் மேரி லாண்ட்ரூவுக்காக 30 கோடி டாலர். பேச்சுவார்த்தையை நாடாளுமன்ற நிகழ்ச்சிகளைக் காட்டும் சி-ஸ்பான் டிவியில் காட்டுவேன் என்ற ஒபாமா கதவைச் சாத்திக்கொண்டு பேசினார். ஆயிரக்கணக்கான பக்கங்களை யார் படித்திருப்பார்கள்? எல்லாரும் திருடர்கள்தான். நான் ஏன் ஓட்டுப் போட வேண்டும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பேரம் பேசிக் குறைத்த பத்து மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்தே என் மனதில் ஓடுவது இந்தச் சட்டம்தான். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது.

பக்க எண்ணிக்கையை விடுங்கள். காப்பீட்டுச் சட்டம் நீளமாகத்தான் இருக்கும். லாண்ட்ரூவையும் விடுங்கள். கத்ரீனா புயலுக்குப் பின் வந்த நிவாரணப் பணம் லூசியானாவின் வருமானக் கணக்கை உயர்த்திக் காட்டியது, அதனால் ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்கு வரும் மத்திய உதவி குறைய இருந்தது. அவர் கேட்டதில் நியாயம் இருந்தது.

நெல்சனின் பேரம் அசிங்கமானது, சந்தேகமே இல்லை. விரிவாக்கப்பட்ட மெடிக்கெய்டின் செலவில் மற்ற மாநிலங்கள் ஒரு பங்கு தர வேண்டும், நெப்ராஸ்காவுக்கு மட்டும் மத்திய அரசே காலத்துக்கும் தரும். நூறு பேர் கொண்ட செனட்டில் விவாதத்தை முடிக்கவே அறுபது ஓட்டு வேண்டும். அவருடைய அறுபதாவது ஓட்டு இல்லாமல் மசோதா நகராது. 2009 டிசம்பர் 24 அன்று செனட்டில் 60-39 என்று நிறைவேறியது. அப்புறம் என்ன ஆனது என்று படித்தீர்களா? நெப்ராஸ்காக்காரர்களே திட்டினார்கள். மார்ச்சில் வந்த திருத்தச் சட்டம் அந்தச் சலுகையை நீக்கிவிட்டது. மசோதாவில் எழுதியிருந்ததால் சிக்கியது, சிக்கியதால் போனது.

எனக்கு ஆறாத கோபம் வேறொரு பேரத்தின் மேல். அதை உங்கள் கடிதம் தொடவே இல்லை.

2003இல் மெடிகேரில் மருந்துச் செலவைச் சேர்த்தபோது, அரசு மருந்துக் கம்பெனிகளிடம் விலை பேசக்கூடாது என்று சட்டத்திலேயே எழுதினார்கள். பிரதிநிதிகள் சபையின் ஓட்டெடுப்பை நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய மூன்று மணி நேரம் திறந்தே வைத்து ஆள் பிடித்தார்கள். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தச் சட்டத்துக்காக முன்னால் நின்றவர்களில் ஒருவர் அந்தச் சபையின் உறுப்பினர் பில்லி டாசின். 2005இல் அவர் மருந்துக் கம்பெனிகளின் சங்கத்துக்கே தலைவரானார். இதைக் கண்டித்து 2008 தேர்தலில் ஒபாமா டிவி விளம்பரமே கொடுத்தார். 2009இல் ஆட்சிக்கு வந்ததும் அவருடைய ஆட்கள் பேசியது அதே டாசினோடு. பேரம் இதுதான்: பத்து ஆண்டுகளில் 8,000 கோடி டாலர் வரை கம்பெனிகள் விட்டுக்கொடுக்கும், அதற்கு மேல் அரசு கேட்காது, விலை பேசும் அதிகாரமும் கோராது.

இது மசோதாவின் எந்தப் பக்கத்திலும் இல்லை. இல்லாத வரியை எப்படி நீக்குவது? வெளிநாட்டிலிருந்து மலிவாக மருந்து வாங்க அனுமதிக்கும் திருத்தத்தை செனட்டர் பைரன் டோர்கன் அந்த டிசம்பரில் செனட்டில் கொண்டுவந்தார். ஒபாமா செனட்டராக இருந்தபோது ஆதரித்த யோசனை அது. ஆதரவாக 51 பேர், எதிராக 48. அறுபது வேண்டும் என்பதால் தோற்றது. 2010 பிப்ரவரியில் அரசு விருந்தினர் இல்லமான பிளேர் மாளிகையில் இரு கட்சியினரும் நாள் முழுக்கக் கேமரா முன்னால் விவாதித்தார்கள். மருந்து விலையின் கதை அதற்குப் பல மாதங்கள் முன்பே முடிந்திருந்தது. வெளிப்படைத்தன்மை என்றால் கேமரா என்று நினைத்து நின்றுவிடாதீர்கள். மசோதாவில் என்ன வராமல் போனது, அதைத் தடுத்தது யார் என்று கேளுங்கள்.

"எல்லாரும் திருடர்கள்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியைப் படித்ததும் என் அத்தான் முகம் நினைவுக்கு வந்தது. டெக்சாஸில் இருந்தார். 2009இல் வேலை போனது, அதோடு இன்சூரன்ஸும். தனியாக எடுக்கப் போனால், முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததைக் காட்டி மறுத்துவிட்டார்கள். மாத்திரையைப் பாதியாக உடைத்துச் சாப்பிட்டதை அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. குப்பையில் கிடந்த மருந்து அட்டையைப் பார்த்துத்தான் அக்காவுக்குத் தெரிந்தது. பழைய நோயைச் சொல்லி மறுக்கக்கூடாது என்ற விதி 2014 ஜனவரியில் அமலானபோது அக்கா போனில் அழுதாள். நீங்கள் திருடர்கள் என்று சொல்லும் அந்த அறுபது பேர் போட்ட சட்டம்தான் அது. அத்தானுக்கு இன்சூரன்ஸ் கிடைத்தது. மாத்திரை விலை மட்டும் குறையவில்லை, அது டாசினோடு பேசியதன் பலன். இரண்டும் ஒரே சட்டத்தின் வேலை, எஸ். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் பொறுமை உங்கள் வயதில் வரவேண்டும். எல்லாரையும் ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் டோர்கனுக்கும் டாசினுக்கும் உள்ள வித்தியாசத்தைத் தேட வேண்டியதில்லை. அது சோம்பல். அதைக் கோபம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

ஓட்டுப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். விலை பேசும் அதிகாரம் 2022 ஆகஸ்டில்தான் மெடிகேருக்குக் கிடைத்தது. அதிலும் பேரம் உண்டு, சந்தைக்கு வந்து பல ஆண்டுகள் ஆன மருந்துகளுக்கு மட்டும்தான் அது பொருந்தும். பட்ஜெட் மசோதாவுக்கான வழியில் வந்ததால் அறுபது ஓட்டு தேவைப்படவில்லை. செனட் 50-50 என்று நின்று, துணை அதிபர் கமலா ஹாரிஸின் ஓட்டால் நிறைவேறியது. அந்த ஐம்பதில் இருவர் 2021 ஜனவரியில் உங்கள் ஜார்ஜியாவில் இரண்டாம் சுற்றுத் தேர்தலில் ஜெயித்து வந்தவர்கள். ஓட்டர் பதிவை முடித்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.