ஆவரேஜ் என்றால் சராசரியா, சுமாரா?

இரண்டும்தான், வரும் இடத்தைப் பார்த்துப் பொருள் மாறும். 'சாப்பாடு ஆவரேஜ்' என்றால் சுமார், அவ்வளவுதான். எண்ணோடு வந்தால் சராசரி.

எண் விஷயத்தில்தான் கவனம் வேண்டும். காரைக்குடியில் ஒரு தெருவில் ஐந்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு வீட்டில் மாத வருமானம் தலா 20,000 ரூபாய். ஐந்தாவது வீட்டில் 4,20,000. எல்லாவற்றையும் கூட்டி ஐந்தால் வகுத்தால் ஆவரேஜ் 1,00,000! அந்தத் தொகை அந்தத் தெருவில் ஒருவர் கைக்கும் வருவதில்லை. அதே எண்களை வரிசையாக அடுக்கி நடுவில் நிற்பதை எடுத்தால் 20,000. இதற்கு இடைநிலை என்று பெயர். அதிகத் தடவை வருவது முகடு. இங்கே அதுவும் 20,000. ஆங்கிலத்தில் இந்த மூன்றையுமே ஆவரேஜ் என்று சொல்வதுண்டு. அதனால் சம்பளம், வாடகை பற்றி யாராவது ஆவரேஜ் சொன்னால் எந்தக் கணக்கு என்று கேட்டுவிடுங்கள்.

அப்புறம், இந்தச் சொல் பிறந்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இது கப்பல் வணிகத்தில் வளர்ந்த சொல். புயலில் கப்பலைக் காப்பாற்றச் சிலருடைய சரக்கைக் கடலில் எறிந்தால், அந்த நஷ்டத்தைக் கப்பல்காரரும் சரக்கு ஏற்றிய எல்லாரும் அவரவர் கப்பல், சரக்கின் மதிப்புக்கேற்பப் பங்கிட்டுக்கொள்வார்கள். கடல் காப்பீட்டில் 'ஜெனரல் ஆவரேஜ்' என்று அந்த வழக்கம் இன்றும் இருக்கிறது. நம் செட்டிநாட்டு வீடுகளில் நிற்கும் பர்மாத் தேக்குத் தூண்களும் அப்படிக் கடல் கடந்து வந்த சரக்குதான்.