மெட்டல் டிடெக்டர் வைத்துப் பழம்பொருள் தேடுபவர்கள் கட்டுப்பாட்டுச் சட்டங்களை ஏன் எதிர்க்கிறார்கள்? அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறதா?

பாதி நியாயம் இருக்கிறது. அந்தப் பாதிக்காக நானே என் பெயரில் கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன். மறுபாதிக்காக எங்கள் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று எங்கள் ஆட்களோடு சண்டை போட்டிருக்கிறேன். பதினோரு ஆண்டுகளாக இந்தக் கருவியோடு உழுத நிலங்களில் நடப்பவன் நான். அந்த அனுபவத்திலிருந்தே இந்தப் பதிலை எழுதுகிறேன்.

இந்தப் பொழுதுபோக்கை அறியாதவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். நாங்கள் தேடுவது பெரும்பாலும் கிடைப்பதே இல்லை. நாள் முழுவதும் டிடெக்டரை இடமும் வலமுமாக வீசிக்கொண்டு நடந்தால் ஆணி, லாடத் துண்டு, பித்தளைப் பொத்தான், கலப்பையிலிருந்து தெறித்த இரும்பு ஆகியவைதான் கைக்கு வரும். எப்போதாவது ஒருநாள் ஹெட்போனில் ஒலி சட்டென்று தெளிவாகும். மண்டியிட்டு மண்கட்டியைப் பிளந்தால், பிளவில் ஒரு வெள்ளிக்காசின் விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். துடைக்கக் கூடாது, கீறல் விழும். தெரிந்தும் கட்டைவிரல் பரபரக்கும். அந்தக் கணத்துக்காகத்தான் குளிரிலும் சேற்றிலும் போகிறோம். காசு விலைபோகும் என்று வருபவர்களும் உண்டு. ஆனால் நான் நெருங்கிப் பழகியவர்களில் அதிகம் பேர் கண்டெடுத்த எதையும் விற்றதில்லை. அப்படிப்பட்டவர்களை ஒரு சட்ட வரைவு 'கொள்ளையர்' என்ற சொல்லுக்கு அடுத்த வரியிலேயே வைத்துப் பேசினால் மனம் கொதிக்காமல் என்ன செய்யும்? எதிர்ப்பு அங்கேதான் தொடங்குகிறது.

அடுத்தது, மற்ற நாடுகளைப் பார்த்து வந்த பயம். அயர்லாந்தில் 1980-ல் ஒரு தந்தையும் மகனும் டெரினாஃப்லான் என்ற பழைய மடாலய வளாகத்தில் டிடெக்டரோடு தேடி, வெள்ளிக் கிண்ணம் உள்ளிட்ட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தேவாலயப் பாத்திரங்களைக் கண்டெடுத்தார்கள். அவை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1987-ல் சட்டம் திருத்தப்பட்டு, தொல்பொருள் தேடுவதற்காக டிடெக்டரைப் பயன்படுத்தவே முன் அனுமதி வேண்டும் என்றானது. பிரான்சிலும் 1989 முதல் அதே நிலை. அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில், தோண்டாமல் கருவியை வைத்திருந்தாலே குற்றம். இதற்கு நேர்மாறாக டென்மார்க்கில் நில உரிமையாளர் சம்மதித்தால் தேடலாம். மதிப்புமிக்க பழம்பொருள் கிடைத்தால் அரசிடம் ஒப்படைக்க வேண்டும், அதற்குச் சன்மானமும் உண்டு. நெதர்லாந்தில் 2016 முதல் முப்பது சென்டிமீட்டர் ஆழம் வரை சாதாரணமாக அனுமதி. ஆக, எங்கே ஒரு புதிய வரைவு வந்தாலும் எங்கள் ஆட்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது அயர்லாந்து வழியா, டென்மார்க் வழியா?

முழுத் தடையை நான் எதிர்ப்பதற்கு 2015-ல் இங்கிலாந்தில் நடந்த இரண்டு சம்பவங்களே போதும். ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் வாட்லிங்டன் அருகே, ஓய்வுபெற்ற ஒருவருக்கு டிடெக்டரில் ஒலி கேட்டது. வெள்ளிப் பாளங்களும் காசுகளும் தெரிந்ததும் அவர் மேற்கொண்டு தோண்டாமல், முறைப்படி தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து, அந்த மண்ணை அப்படியே பாளமாக வெட்டி எடுத்துப் போய், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் வைத்துப் பிரித்தார்கள். உள்ளே ஏறத்தாழ இருநூறு காசுகள். ஒன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் இரு அண்டை அரசுகளை ஆண்டவர்களான வெசெக்ஸின் ஆல்ஃப்ரெட் மன்னரும் மெர்சியாவின் இரண்டாம் செயோல்வுல்ஃபும் வெளியிட்டவை அவற்றில் இருந்தன. செயோல்வுல்ஃபை, கடல்வழி படையெடுத்து வந்த வைக்கிங்குகளின் கைப்பொம்மை என்று பழைய வரலாற்றுக் குறிப்புகள் ஒதுக்கியிருந்தன. இருவரும் ஒரே மாதிரியான காசுகளை வெளியிடும் அளவுக்குக் கூட்டாளிகளாக இருந்ததை அந்த மண்பாளம் காட்டிவிட்டது.

அதே ஆண்டு, ஹெரஃபோர்டுஷயரின் லெம்ஸ்டர் அருகே இன்னும் இருவர் வேறொரு புதையலைக் கண்டார்கள். அதே காலம், அதே இரு மன்னர்களின் காசுகள், கூடவே தங்க நகைகள். அவர்கள் யாரிடமும் முறையாகச் சொல்லாமல் துண்டு துண்டாக விற்கத் தொடங்கினார்கள். மொத்தம் முந்நூறு காசுகள் வரை இருந்திருக்கலாம் என்று கணக்கிடப்படுகிறது. மீட்கப்பட்டவை அதில் ஒரு சிறு பங்கு மட்டுமே. 2019-ல் இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. மற்ற காசுகளோ உலகத்தில் எந்த மேசை இழுப்பறையில் கிடக்கின்றனவோ.

இரண்டு சம்பவங்களுக்கும் சட்டம் ஒன்றே. அங்கே 1996-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, புதையல் என்று கருதத்தக்க பொருள் கிடைத்தால் பதினான்கு நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும். அருங்காட்சியகம் அதை வாங்கினால் கிடைக்கும் சன்மானத்தை வழக்கமாகக் கண்டெடுத்தவரும் நில உரிமையாளரும் பகிர்ந்துகொள்வார்கள். முழுத் தடை இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். முதல் மனிதர் அந்த வயலுக்கே போயிருக்க மாட்டார். அடுத்த இருவரும் எப்படியும் போயிருப்பார்கள், பகலுக்குப் பதில் இரவில். சட்டத்துக்குப் பயப்படுகிறவன் மட்டுமே தடைக்கும் பயப்படுவான். இதைத்தான் நாங்கள் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பிரிட்டன் இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. 1980-ல் தொல்லியல் அமைப்புகள் சேர்ந்து 'எங்கள் கடந்தகாலத்தைத் திருடாதீர்கள்' என்ற பொருளில் ஒரு பெரிய இயக்கம் நடத்தின. தேடுபவர்கள் அத்தனை பேரையும் ஒரே தட்டில் வைத்த இயக்கம் அது. விளைவு, இரு தரப்பும் பல ஆண்டுகள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிடைத்த பொருட்கள் பதிவேறாமலே கைமாறின. 1997-ல், கண்டெடுத்த பொருளைக் கொண்டுவந்து காட்டினால் பதிவு செய்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் அலுவலர்களை நியமிக்கத் தொடங்கிய பிறகுதான் பனி உருகியது. இன்று அந்தப் பதிவேட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பொருட்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை எங்களைப் போன்றவர்கள் கொண்டுபோய்க் கொடுத்தவை.

இனி, நாங்கள் தவறு செய்யும் இடம்.

எங்கள் பகுதியில் ஒரு வரைவுச் சட்டம் வந்தபோது சங்கம் ஒரு மறுப்புக் கடிதம் தயாரித்தது. ஐந்து பத்திகள். நான்காவது பத்தி இப்படிப் போனது: உழுத மண்ணில் கிடக்கும் பொருள் ஏற்கெனவே கலப்பையால் இடம்பெயர்ந்துவிட்டது, உரம் பட்டு அரித்துக்கொண்டும் இருக்கிறது, எனவே அதை எடுப்பதால் வரலாற்றுக்கு எந்த இழப்பும் இல்லை. கேட்க நன்றாக இருக்கும். அரிப்பும் உண்மை, கலப்பை உடைப்பதும் உண்மை. ஆனால் 'எந்த இழப்பும் இல்லை' என்பது பொய். அது பொய் என்பதற்கு என் வீட்டில் ஒரு தகர டப்பா சாட்சி.

தொடங்கிய முதல் மூன்று ஆண்டுகளில் நான் எதையும் குறித்துவைக்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் இருந்த நான்கு வயல்களில் கிடைத்த ஈயக் குண்டுகளை எல்லாம் அந்த டப்பாவில் போட்டுவைத்தேன். நாற்பத்தேழு குண்டுகள். மண்ணுக்குள் நெடுங்காலம் கிடந்து சுண்ணாம்பு பூசியது போல வெளுத்தவை. சில முழு உருண்டை. சில எதிலோ மோதி அப்பளமாகத் தட்டையானவை. ஒன்றில் வார்ப்பச்சின் விளிம்புக்கோடு இன்னும் தெரிகிறது, சுடப்படாமல் யார் கையிலிருந்தோ நழுவியது போல. ஒரு தொல்லியலாளரிடம் பெருமையோடு டப்பாவைத் திறந்து காட்டினேன். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "தட்டையானவை எந்த வயலில் கிடைத்தன? உருண்டையானவை எந்த வயலில்?" என்று மட்டும் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை.

சுட்டவர்கள் எங்கே நின்றார்கள், குண்டு எங்கே போய் விழுந்தது என்பதைச் சொல்லியிருக்கக்கூடிய ஒரே சான்று அது. எழுத்தில் பதிவாகாத ஒரு மோதல் அந்த வயல்களில் நடந்ததா, வெறும் வேட்டையா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது. குண்டுகள் பத்திரமாக இருக்கின்றன. செய்தியை நான் அழித்துவிட்டேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை, டப்பாவை மூடி மெதுவாக என் பக்கம் தள்ளிவைத்தார். அந்த ஓசை இன்னும் காதில் இருக்கிறது.

இதே பொருட்கள் இடத்தோடு பதிவானால் என்ன ஆகும் என்பதற்கு லிட்டில் பிக்ஹார்ன் இருக்கிறது. 1876-ல் பூர்வகுடிகளோடு மோதி, அமெரிக்க ராணுவ அதிகாரி கஸ்டரின் குதிரைப்படைப் பிரிவு அழிந்த, அமெரிக்காவின் மொன்டானாவிலுள்ள போர்க்களம். 1983-ல் காட்டுத்தீ அங்கே புல்லையெல்லாம் எரித்தது. அடுத்த ஆண்டு தொல்லியலாளர்கள் அங்கே இறங்கியபோது, டிடெக்டர் பொழுதுபோக்காளர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்துக்கொண்டார்கள். வரிசையாக நடந்து, ஒலி கேட்ட இடத்தில் கொடி நட்டு, பொருளை அசைக்காமல் அதன் இடத்தையும் கிடந்த திசையையும் அளந்த பிறகே எடுத்தார்கள். காலித் தோட்டாக்களில் பதிந்திருந்த சுத்திமுனைத் தடம் கைரேகை மாதிரி. ஒரே துப்பாக்கி களத்தில் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதை அதை வைத்துப் பின்தொடர முடிந்தது. கஸ்டரின் வீரர்கள் ஒவ்வொரு முறையும் தோட்டா நிரப்பிச் சுட்டுக்கொண்டிருக்க, எதிரே நின்ற பூர்வகுடிப் போராளிகளில் பலரிடம் தொடர்ந்து சுடும் துப்பாக்கிகள் இருந்தது தெரியவந்தது. அந்தத் தோட்டாக்களை அதற்கு முன்பே என்னைப் போன்ற ஒருவன் டப்பாவில் போட்டுக்கொண்டு போயிருந்தால்?

எனவே, எங்கள் வரைவில் இருந்த கட்டாயப் பதிவு என்ற விதியை நான் எதிர்க்கவில்லை, வரவேற்றேன். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அடைக்கத்தான் வேண்டும். 2010-ல் கம்ப்ரியாவில் கிடைத்த, முகமூடியோடு கூடிய ரோமானியத் தலைக்கவசம் வெண்கலம் என்பதால் புதையல் வரையறைக்குள் வரவில்லை. ஏலத்தில் ஏறத்தாழ இருபத்து மூன்று லட்சம் பவுண்டுக்குத் தனியார் ஒருவர் வாங்கிக்கொண்டார். உள்ளூர் அருங்காட்சியகம் நிதி திரட்டியும் எட்ட முடியவில்லை. 2023-ல்தான் இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட, வரலாற்று முக்கியத்துவமுள்ள பிற உலோகப் பொருட்களையும் புதையலில் சேர்த்தார்கள். அதையும் 'கழுத்தை நெரிக்கிறார்கள்' என்று எதிர்த்த நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்கு ஒப்புதல் இல்லை.

கூட்டத்தில் அந்த நான்காவது பத்தியை நீக்கச் சொன்னேன். நீக்கினால் எதிர்ப்பு வலுவிழக்கும் என்றார்கள். இருந்தால்தான் வலுவிழக்கும், தொல்லியல் தெரிந்த எவரும் முதலில் அந்தப் பத்தியைத்தான் பிடிப்பார் என்றேன். வாக்கெடுப்பில் தோற்றேன். பொதுக் கடிதத்தில் கையெழுத்திடாமல் என் பெயரில் தனியாக ஒன்று எழுதி அனுப்பினேன். கருவி வைத்திருப்பதைக் குற்றமாக்கும் பிரிவை நீக்குங்கள். கண்டெடுத்த இடத்தைத் துல்லியமாகப் பதிவு செய்வதைக் கட்டாயமாக்குங்கள். கொண்டுவருபவரைக் குற்றவாளி போல நடத்தாத அலுவலர்களை, போதுமான எண்ணிக்கையில், சம்பளம் கொடுத்து அமர்த்துங்கள். கடைசிக் கோரிக்கை நிறைவேறாவிட்டால் இரண்டாவது வெறும் காகிதம் என்பதையும் எழுதினேன். தகர டப்பாவைத் திறந்துவைத்து எடுத்த படம் ஒன்றையும் அதோடு இணைத்தேன்.