வாடகைக்கு வந்தவரின் லாப்ரடாரும் வீட்டு நாய்களும்

வணக்கம். அறை வாடகைக்கு வந்தவரின் லாப்ரடார் கூடத்துக்குள் நுழைந்தாலே உங்கள் பொமரேனியனும் நாட்டு நாயும் பாய்கின்றன, நேற்று சோற்றுத் தட்டருகே கடி வரை போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் சாப்பாட்டைத் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். மூன்றுக்கும் தனித்தனி அறை, கதவு சாத்தி. தின்று முடித்ததும் தட்டை எடுத்துவிடுங்கள். எலும்பு, கடிக்கிற பொம்மை எதுவும் பொது இடத்தில் கிடக்கக் கூடாது.

அப்புறம், கொஞ்ச நாளைக்கு வீட்டுக்குள் சந்திக்கவே விடாதீர்கள். உங்கள் தெருவைத் தாண்டி, ஆளுக்கொரு நாயைப் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் நல்ல இடைவெளி விட்டு நடங்கள். முறைக்காமல் தரையை மோந்துகொண்டு வந்தால் மெல்ல நெருங்கலாம். முகத்துக்கு முகம் நிறுத்தி அறிமுகம் செய்வதெல்லாம் வேண்டாம். வீட்டில் வாசற்படி, மாடிப்படி மாதிரி குறுகிய இடங்களில் உரசல் அதிகம் வரும். அங்கே ஒரு தடுப்புக் கதவு போடுங்கள்.

உறுமினால் அதட்டாதீர்கள். அது எச்சரிக்கை. அதை அடக்கினால் அடுத்த முறை உறுமாமலே கடிக்கலாம்.

எனக்குக் கவலை பொமரேனியன்தான். 30 கிலோ நாய் விளையாட்டாக மிதித்தாலே 3 கிலோ நாய்க்கு எலும்பு முறியலாம். எவ்வளவு சிநேகமானாலும் ஆள் இல்லாதபோது ஒன்றாக விடாதீர்கள்.

வாடகைக்கு வந்தவரிடம் தயங்காமல் ரேபிஸ், பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய நாய் நோய்களுக்கான தடுப்பூசி அட்டையைக் கேளுங்கள். அவர் ஆபீஸ் போனபின் நாய்க்கு யார் பொறுப்பு என்பதையும் பேசிவிடுங்கள். உண்ணி மருந்து மூன்றுக்கும் வேண்டும்.

நேற்றைய கடி சின்னதாகத் தெரிந்தாலும் கடிபட்ட நாயை இன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். முடிக்கு அடியில் தெரியாமலே சீழ் பிடித்துவிடலாம்.