பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டதாமே!

கேள்வி (சுருக்கம்): வயது 54. பிரஷர் 160/100 என்று கிளினிக்கில் அம்லோடிபின் தந்தார்கள். இரண்டு மாதத்தில் 130/80 ஆனதும் நிற்பாட்டிவிட்டேன். குளிசை சிறுநீரகத்தைப் பழுதாக்கும் என்று வீடியோவில் பார்த்தேன். இப்போது முருங்கையிலைச் சாறு குடிக்கிறேன். பின்கழுத்து உளைவுக்கு டைக்ளோஃபெனாக் போடுகிறேன். ஒருதரம் மூக்கால் இரத்தம் வந்தது, காதும் இரைகிறது. போன கிழமை தேங்காய் திருவும்போது வலது கை சோர்ந்து, கதையும் வரவில்லை. பத்து நிமிடத்தில் சரியாகிவிட்டது. அப்பா பாரிசவாதத்தில் படுத்தவர். எனக்கும் வருமா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: வருமா என்று கேட்கிறீர்கள். போன கிழமை அது படலை வரைக்கும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது.

கழுத்து உளைவுக்கு அரைப் பக்கம், கை சோர்ந்ததற்கு ஒரு வரி. கடிதத்தில் இலக்கம் இருந்தபடியால் வாசித்த உடனே அழைத்து, அன்றே போதனா வைத்தியசாலைக்குப் போகச் சொன்னேன். ‘சரியாகிவிட்டதுதானே’ என்று வீட்டில் இருக்கும் மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன்.

மூளையின் இடப் பக்கத்துக்குப் போகும் குழாயில் ஒரு சின்ன இரத்தக்கட்டி சிக்கித் தானாகக் கரைந்திருக்க வேண்டும். வலது கையையும் பெரும்பாலானவர்களுக்குக் கதையையும் நடத்துவது அந்தப் பக்கம். அதனால்தான் திருவலையில் பிடித்திருந்த தேங்காய்ப் பாதி நழுவியது. மகளைக் கூப்பிட வாய் திறந்தும் சொல் வரவில்லை. அடுத்த கட்டி கரையாமல் நின்றுவிடலாம். முதல் சில நாட்களில்தான் அந்த ஆபத்து மிக அதிகம்.

வாய் கோணினாலோ, ஒரு பக்கக் கை தூக்க முடியாமல் போனாலோ, கதை குழறினாலோ மணிக்கூட்டைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டு 1990 அம்புலன்ஸை அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணித்தியாலத்துக்குள் போட வேண்டும், அதுவும் ஸ்கேன் எடுத்த பிறகு. தண்ணீர் பருக்காதீர்கள், புரைக்கேறும். அஸ்பிரினும் கொடுக்க வேண்டாம்: உள்ளே அடைப்பா, இரத்தக் கசிவா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது.

மூக்கால் ஒருதரம் இரத்தம் வந்ததற்கும் காது இரைவதற்கும் பெரும்பாலும் பயப்பட ஒன்றுமில்லை. கழுத்து உளைவு பெரும்பாலும் தசைப்பிடிப்பு. பிரஷர் பொதுவாக எந்த உளைவும் காட்டாது, அதுதான் அதன் கள்ளத்தனம்.

சரி, அந்த வீடியோ. பிரஷர் 130க்கு இறங்கியது குளிசை வேலை செய்தபடியால்தான்; நிற்பாட்டினால் பழையபடி ஏறும். அம்லோடிபின் சிறுநீரகத்தைப் பழுதாக்காது. சிலருக்குக் கணுக்கால் வீங்கும், சொன்னால் வேறு குளிசை மாற்றித் தருவார்கள். சிறுநீரகத்தைப் பழுதாக்குவது கட்டுக்கடங்காத பிரஷர். அப்புறம், கழுத்துக்கென்று நீங்களே பாமசியில் வாங்கிப் போடும் டைக்ளோஃபெனாக்! பிரஷரை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். காக்கிற குளிசையை எறிந்துவிட்டு, கெடுக்கிற குளிசையைக் காசு கொடுத்து வாங்கியிருக்கிறீர்கள்.

முருங்கையிலையை வறையாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள், குளிசையையும் போட்டுக்கொண்டு. உப்பு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது மட்டமாக ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம். கருவாடும் மோர்மிளகாயும் அந்தக் கணக்குக்குள்தான். வீட்டில் பிரஷர் பார்ப்பதென்றால் ஐந்து நிமிடம் பேசாமல் சாய்ந்திருந்து, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்துப் பாருங்கள். தேத்தண்ணி குடித்த கையோடு பார்க்க வேண்டாம்.