அழுத்தம் விழும் இடம் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் பள்ளிப் போட்டியில் ‘ஆன்டிடிஸ்எஸ்டாப்ளிஷ்மென்டேரியனிஸம்’ என்ற சொல்லைச் சொல்ல வேண்டும். எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்ய வைத்து, கைப்பேசியில் நேரம் பார்க்கிறேன். பாதியில் தடுமாறி அழுகிறாள். எங்கே பிரிப்பது? ஆங்கிலத்தின் மிக நீளமான சொல் இதுதானா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

சில நாட்களாக அசையழுத்தத்தைப் பற்றித்தான், அதாவது ஒரு சொல்லில் எந்த அசை மற்றவற்றைவிட ஓங்கி ஒலிக்கிறது என்பதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ‘அழுகிறாள்’ என்ற இடத்தைத் தாண்டி உங்கள் கடிதத்தை வாசிக்க முடியவில்லை.

நீளத்தை விடுங்கள். 28 எழுத்து; இதைவிட நீளமானவை உண்டு. அசை 12: ஆன்-டி-டிஸ்-எஸ்-டாப்-ளிஷ்-மென்-டே-ரி-ய-னி-ஸம். இது வாய் பிரிக்கும் விதம். பொருள் பிரியும் விதம் வேறு: ஆன்டி, டிஸ், எஸ்டாப்ளிஷ், மென்ட், ஏரியன், இஸம். ‘மென்ட்’டின் கடைசி மெய்மேல் அடுத்த உயிர் ஏறி ‘டே’ ஆகிவிட்டது. நூலும் அகமும் சேர்ந்தால் நாம் நூ-ல-கம் என்று சொல்வதில்லையா, அதேதான். இரண்டையும் விட்டுவிட்டு எழுத்தெழுத்தாக நறுக்கிக் கொடுத்தால் குழந்தை எதைப் பிடித்துக்கொள்ளும்?

சொல்லின் நடுவில் இருப்பது ‘எஸ்டாப்ளிஷ்’. இங்கே அதற்கு, ஒரு திருச்சபையை அரசின் சபையாக நிலைநிறுத்துவது என்று பொருள். ‘டிஸ்’ சேர்ந்தால் அந்த உறவை அறுப்பது. 1869-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அயர்லாந்துத் திருச்சபை விஷயத்தில் அதற்குத்தான் சட்டம் செய்தது. அறுக்கச் சொல்பவர்களை எதிர்க்கும் கொள்கையே முழுச்சொல். இதை அவளிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள்.

அவள் வயதில் எனக்கு வகுப்பில் ‘ரெஸ்பான்ஸிபிலிட்டி’ வாசிக்க வந்தது. ‘ரெஸ்பான்ஸிபிள்’ தெரியும், அதில் அழுத்தம் ‘பான்’ மேல். அப்படியே வாசித்தேன். ஆசிரியர் என் குரலிலேயே சொல்லிக்காட்ட, வகுப்பே சிரித்தது. அப்புறம் பல வருடம் நாலு பேர் முன்னால் ஆங்கிலத்தில் வாய் திறக்கவில்லை. என் தவறில் ஒரு நியாயம் இருந்தது என்பது வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. ‘இட்டி’ என்ற விகுதி வந்தால் அழுத்தம் அதற்கு முந்தைய அசைக்கு, இங்கே ‘பி’க்கு, நகர்ந்துவிடும். இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எனக்கு இன்னும் ஆறவில்லை.

உங்கள் மகளின் சொல்லிலும் இதேதான். ‘எஸ்டாப்ளிஷ்’ தனியே நிற்கும்போது அழுத்தம் ‘டாப்’ மேல். ‘ஏரியன்’ ஒட்டியதும் ‘டே’ அதைப் பறித்துக்கொள்கிறது. ‘டாப்’ இரண்டாமிடத்துக்கு இறங்குகிறது, ‘மென்’ மங்கி ‘மன்’ போல ஒலிக்கிறது. தமிழ்ப் பழக்கத்தில் நாம் எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே கனம் கொடுப்போம். பன்னிரண்டையும் அப்படிச் சுமந்தால் அந்தச் சின்ன மூச்சு எப்படித் தாங்கும்? அதன்மேல் நீங்கள் கடிகாரத்தையும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள். தப்பு, பெரிய தப்பு.

‘எஸ்டாப்ளிஷ்’ஷில் தொடங்கட்டும். பின்னால் வருவதை ஒவ்வொன்றாக ஒட்டட்டும், ‘டிஸ்’ஸும் ‘ஆன்டி’யும் கடைசியில். ‘டே’ வரும்போது மட்டும் கைதட்டச் சொல்லுங்கள், நீங்களும் கூடத் தட்டுங்கள். கைப்பேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.