மத்தியதரைக் கடல் தீவு ஊர்களில் எதன் வரலாறு உங்களை அதிகம் ஈர்த்தது? ஏன்?

கார்லோஃபோர்ட்டே. கேள்வியைப் பார்த்ததும் வேறு எந்த ஊரும் மனதில் வரவில்லை.

இத்தாலியின் சார்டினியாத் தீவுக்குத் தென்மேற்கு ஓரத்தில் சான் பியெத்ரோ என்று ஒரு சின்னத் தீவு. அதில் இருக்கும் ஒரே ஊர் இதுதான்; நகராட்சியும் இதுவே. மக்கள் சுமார் 6,000 பேர். இரண்டு நாள் அங்கே தங்கியிருக்கிறேன். ஃபெர்ரியை விட்டு இறங்கியதுமே காதில் விழுந்தது சார்டினிய மொழி இல்லை, வட இத்தாலியத் துறைமுக நகரமான ஜெனோவாப் பக்கத்து லிகூரிய மொழி. இவர்கள் பேசும் வகைக்குத் தபர்க்கினோ என்று பெயர். அந்தப் பெயருக்குள்ளேயே இவர்கள் கதை இருக்கிறது.

ஜெனோவாவை ஒட்டிய பெல்யி என்ற ஊரின் மீனவக் குடும்பங்கள் 16-ஆம் நூற்றாண்டில் பவளம் எடுக்கத் துனீசியக் கரையோரத் தீவான தபர்க்காவுக்குப் போய்க் குடியேறின. லொமெல்லினி என்ற ஜெனோவாக் குடும்பத்திடம் அந்தத் தீவின் குத்தகை இருந்தது. இரண்டு நூற்றாண்டு அங்கேயே வாழ்ந்தார்கள். பிறகு பவளம் குறைந்தது, நெருக்கடி கூடியது. 1738-இல் ஒரு பகுதியினர், சார்டினிய மன்னர் மூன்றாம் கார்லோ இம்மானுவேல் கொடுத்த ஆளில்லாத இந்தத் தீவுக்கு வந்து ஊர் கட்டினார்கள். ஊருக்கு மன்னரின் பெயரையே வைத்தார்கள். தபர்க்காவிலேயே தங்கிவிட்டவர்களுக்கு நல்ல காலம் இல்லை. 1741-இல் துனிஸ் ஆட்சியாளர் தீவைப் பிடித்து அவர்களை அடிமையாக்கினார்.

துறைமுகத்தில் அந்த மன்னரின் பளிங்குச் சிலை நிற்கிறது. கை உடைந்த சிலை. 1793-இல் பிரெஞ்சுப் படை வந்தபோது, அவர்கள் கையில் சிக்கக்கூடாது என்று அவசரமாக மண்ணில் புதைக்கப்போய் உடைந்தது என்கிறார்கள் ஊரார். அப்படியே விட்டுவைத்திருக்கிறார்கள். அதன் முன்னால் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

அடுத்த அடிதான் பெரியது. 1798 செப்டம்பரில் ஓர் இரவு துனிஸ் கடற்கொள்ளையர் ஊருக்குள் புகுந்து 800 பேருக்கு மேல் பிடித்துக்கொண்டு போனார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. மீட்புப் பணம் கொடுத்து அவர்களைத் திரும்பக் கொண்டுவர 1803 ஆகிவிட்டது. ஐந்து வருடம்! அந்த அடிமை வாழ்வின்போது ஓர் இளைஞன் கண்டெடுத்ததாகச் சொல்லப்படும் கறுத்த மரத்தாலான சிறு மாதா சிலை இன்றும் ஊர்க் கோயிலில் இருக்கிறது. 'அடிமையின் மாதா' என்றே பெயர். நவம்பர் 15-இல் திருவிழா.

இவ்வளவு பட்டவர்கள் துனிஸ் வாடையே வேண்டாம் என்று இருந்திருந்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். ஆனால் மே, ஜூனில் சூரை மீன் கூட்டம் வரும்போது கடலில் வலையாலேயே அறை அறையாகக் கட்டிப் பிடிக்கிறார்களே, அந்த வேலைக்குத் தலைவரை இவர்கள் அழைப்பது 'ரயிஸ்' என்று. அரபுச் சொல். வீட்டு அடுப்பிலும் அப்படித்தான். கோதுமை ரவையில் நீர் தெளித்து விரலால் உருட்டி, ஆவியில் வேகவைத்து, கொண்டைக்கடலையும் முட்டைக்கோஸும் சேர்த்துக் கிளறித் தருகிறார்கள். வட ஆப்பிரிக்காவின் கூஸ்கூஸ்தான். இங்கே அதற்குக் 'கஸ்கா' என்று பெயர். நான் சாப்பிட்ட இடத்தில், தட்டு காலியானதும் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தார்கள்.